படகுக்காரோடு போன பலாக்கட்டை

ஏனுங்க,

வண்டி போய் இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. சாயங்காலம் ஷெட்டுக் கதவைத் திறந்தேன். மிளகு காயப்போடுகிற பாயை எடுக்கத்தான் போனேன், வேறொன்றுமில்லை. கதவைத் தள்ளியதும் அந்த வாசனை முகத்தில் வந்து அடித்தது. பெட்ரோல், பழைய சீட்டுத் துணி, எலி அண்டக்கூடாது என்று நீங்கள் சீட்டுக்கடியில் தூவி வைத்த மிளகு, எல்லாம் சேர்ந்த வாசனை. உங்கள் சட்டையைத் துவைக்க எடுத்தால் அடிக்குமே, அதேதான். வண்டி போய்விட்டது, இது மட்டும் ஏன் போகாமல் நிற்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. பாயை எடுக்காமலே கதவைச் சாத்திவிட்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டில் நாலு தாளைக் கிழித்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டியை விற்றுவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதென்றால் இப்போதே பட்டுக்கொள்ளுங்கள். நானும் உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். நீங்கள் போன நாளிலிருந்து இந்த ஏழு வருஷமாக இருக்கிறேன்.

நம் கல்யாணத்தன்று ராசிபுரத்தில் எங்கள் ஊட்டு முன்னால் அந்த வண்டி வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. வாத்தியார் மகளுக்கு அமெரிக்கக் காரில் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று பேச்சு. பாசிப்பச்சை நிறம், முன்னால் பல்லைக் காட்டுகிற மாதிரி வெள்ளிக் கம்பிகள், திண்டு போல ஒரே நீள சீட்டு. படகு மாதிரி நீளமாக இருந்ததால் படகுக்கார் என்றார்கள். கொல்லிமலைக்கு ரோடு போட்ட புதிதில் எஸ்டேட் முதலாளி ஒருவர் அதை மேலே கொண்டுவந்தார் என்றும், ஊரைவிட்டுப் போகும்போது தன்னிடம் மேஸ்திரியாக இருந்த உங்கள் அப்பாவுக்கே விட்டுப்போனார் என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அப்பாவுக்குப் பிறகு உங்களுக்கு. நான் உங்களைக் கட்டிக்கொண்டேனா, வண்டியைக் கட்டிக்கொண்டேனா என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதே நாளில்தான் எனக்கு வேலையும் கொடுத்தீர்கள். பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தவளை, மலைப்பாதையின் எழுபது வளைவில் பன்னிரண்டாவதில் வண்டியை நிறுத்தி, இஞ்சின் சூடாகிவிட்டது, தண்ணீர் ஊற்ற வேண்டும், இறங்கிக் கட்டை போடு என்றீர்கள். என் காலடியில் கிடந்தது அந்தப் பலாக்கட்டை. ஒரு முழ நீளம், ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, நடுவில் பிடி வைத்தது. உங்கள் கையால் செய்தது. அவ்வளவு கனமான வண்டி சரிவில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தே ஆகவேண்டும் என்பது உங்கள் சட்டம். ஏறும்போது சக்கரத்துக்குப் பின்னால், இறங்கும்போது முன்னால். வைத்துவிட்டுக் குதிகாலால் இரண்டு உதை. பிறகு நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டீர்கள்.

“கட்டை போட்டாச்சுங்களா டீச்சர்?”

“போட்டாச்சுங்க.”

இருபத்தாறு வருஷம் இதைச் சொன்னோம். சண்டை போட்டுக்கொண்டு முகம் கொடுக்காமல் வந்த நாட்களில்கூட இந்த இரண்டு வார்த்தை நின்றதில்லை. செம்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள், டீச்சர் வேலை போனால் உனக்கு லாரியில் கிளீனர் வேலை இருக்கிறது என்று கேலி செய்வார்கள். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு, எங்கள் கிளீனர் மாதிரி பட்டுச் சேலை கட்டிய கிளீனர் நாமக்கல்லிலேயே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

எத்தனை பேரை அந்த வண்டியில் கீழே கொண்டுபோனீர்கள்! பிரசவ வலி எடுத்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள். பக்கத்துத் தோட்டத்து வெள்ளையம்மா தன் மூத்த மகளைப் பெற்றது நம் பின்சீட்டில்தான். கீழே ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் குழந்தை வந்துவிட்டது. ராத்திரி, மழை என்று எதுவும் பார்க்க மாட்டீர்கள். ஆனால் ஸ்டியரிங்கை மட்டும் இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டீர்கள். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், அதை நோகாமல் தள்ள வேண்டும், கிளட்ச்சை அரை மனசாக விட வேண்டும் என்று ஆயிரம் சொல்வீர்கள், கற்றுக்கொடுக்க மட்டும் மாட்டீர்கள். ஐந்து தடவையாவது கேட்டிருப்பேன். கடைசியாகக் கேட்டது நம் மகள் திருப்பூருக்கு வேலைக்குப் போன வருஷம். நமக்கும் வயதாகிறது, ஒரு அவசரம் என்றால் யார் ஓட்டுவது என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். “நீ ஓட்டினா கட்டை யாரு போடுவாங்க டீச்சர்?”

நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அன்றைக்குச் சிரிக்காமல் சாவியைப் பிடுங்கி ஓடைத் தண்ணீரில் எறிந்திருக்க வேண்டும்.

நீங்கள் போன பிறகு ஒரு மெக்கானிக் வந்து லாரியில் கட்டி வண்டியை மேலே இழுத்து வந்து ஷெட்டில் விட்டான். அப்படியே நின்றது. வாசலூர்பட்டி ஏரியில் படகு விட ஆரம்பித்ததும், பார்க்க வருகிற சனம் வழி தவறி நம் ஊட்டுப் பக்கம் வந்து, இங்கே ஒரு படகுக்கார் இருக்கிறதாமே என்று எட்டிப் பார்க்கும். சிலர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு எலி வயரைக் கடித்தது. போன ஆடி மாதக் காற்றில் ஷெட்டுக் கூரை ஒரு பக்கம் பிய்ந்து, பின்சீட்டில் மழை இறங்கியது. மகள் வந்து பார்த்துவிட்டு, “அம்மா, அப்பா உக்காந்திருந்த எடம்னு நெனச்சு நீங்க காவல் காக்கறீங்க. அப்பா அங்க இல்லீங்கம்மா” என்றாள். அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவள் சொன்னது நிஜம் என்பதால்தான்.

அடுத்த வாரமே பழைய இரும்பு எடுக்கிறவன் தராசோடு வந்தான். மகள் சொல்லித்தான் வந்திருந்தான். வண்டி முழுசாக இறங்காது, இங்கேயே நாலு துண்டாக அறுத்துத்தான் கொண்டுபோக முடியும் என்று சாக்கட்டியை எடுத்துக் கதவில் கோடு போட ஆரம்பித்தான். நான் போட்ட சத்தத்தில் வெள்ளையம்மா தோட்டத்திலிருந்து அரிவாளோடு ஓடி வந்துவிட்டாள். அந்தச் சாக்கட்டிக் கோட்டை அழித்துக்கொண்டே, இதற்கு மேல் இதை வைத்திருந்தால் நானே இதைக் கொல்வதாகும் என்று நினைத்தேன். ஓடாமல் நிற்கிற வண்டி வெறும் இரும்புதான் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?

அப்போதுதான் சேந்தமங்கலத்து ரசாக் பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். லாரி சாமான் கடை வைத்திருக்கிறவர், பழைய வண்டிகள் மேல் பைத்தியம். நீங்கள் இருக்கும்போதே இரண்டு தடவை வந்து கேட்டு, டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனாரே, அவர்தான். இப்போது தாடி முழுக்க வெளுத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் போனார். ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மீட்டர், கண்ணாடி, ஹாரன் வளையம், முன்னால் இருக்கிற கம்பிகள் எல்லாம் வண்டியோடு வந்தவையே என்று தடவித் தடவிச் சொன்னார். இடது பக்கப் பின்விளக்கு மட்டும் லாரியுடையது, நீங்கள் மாட்டியது. அதையும் கண்டுபிடித்துவிட்டார். ஓட்டுவீர்களா, காட்சிக்கு வைப்பீர்களா என்று ஒரே கேள்விதான் நான் கேட்டேன்.

“ஓட்டாம எதுக்குங்க டீச்சரம்மா? எம் பேத்தி நிக்காஹ்வுக்கு இதுலதான் பொண்ணு போகுது” என்றார்.

சரி என்றுவிட்டேன். அவ்வளவுதான் பேரம்.

இனிமேல் எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூட இல்லை. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் நீங்கள் கேட்டதில்லை.

அந்த ஐப்பசி மாதத்துக் காலையில் நெஞ்சில் மூட்டை ஏற்றி வைத்த மாதிரி இருக்கிறது என்றீர்கள். வேர்த்து ஊற்றியது. பஸ் போய் அரை மணி ஆகியிருந்தது. வெள்ளையம்மா புருஷன் ஓடிப்போய் ஜீப் கொண்டுவருகிறேன் என்றார். ஜீப் வருவதற்குள் நாம் அடிவாரத்துக் காரவள்ளிக்கே போய்விடலாம் என்று எழுந்துவிட்டீர்கள். உங்களைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாதே! எனக்குத் தெரியாதே! பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். எப்போதும் காலடியில் கிடக்கும் கட்டையை அன்று மடியில் வைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. எழுபதாவது வளைவிலிருந்து பலகையில் எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. எந்த வளைவிலும் வண்டி அலுங்கவில்லை. நல்லாத்தான் ஓட்டுகிறார், ஒன்றுமில்லை, வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முப்பத்தெட்டில் மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினீர்கள். இஞ்சினை அணைத்தீர்கள். உதடு வெளுத்திருந்தது. பள்ளத்தைப் பார்த்து நின்ற வண்டியை உங்கள் ஒரு கால் பிடித்துக்கொண்டிருந்தது. நான் குதித்து ஓடி, முன்சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வைத்து இரண்டு உதை உதைத்தேன். உள்ளேயிருந்து கேட்டீர்கள். டீச்சர் என்று கேலி இல்லை, மகளைக் கூப்பிடுகிற மாதிரி கேட்டீர்கள்.

“போட்டாச்சா கண்ணு?”

“போட்டாச்சுங்க” என்று கத்தினேன்.

பிரேக் மிதி மேலே வருகிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு விரல்கடை நகர்ந்து கட்டையில் உட்கார்ந்தது. நான் சுற்றிக்கொண்டு உங்கள் கதவுக்கு வருவதற்குள் நீங்கள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தீர்கள். கூப்பிட்டுப் பார்த்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கிழங்கு லாரி ஒன்று வரும்வரை அந்த நீள சீட்டில் உங்கள் தலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டை நகரவில்லை, அவ்வளவு ஒழுங்காகப் போட்டிருந்தேன்.

நான் போட்டாச்சு என்று சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் காலை எடுத்திருக்க மாட்டீர்கள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சொல்வதற்கு முன் எடுத்ததில்லை. அப்படியானால் இன்னும் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்? லாரி வரும்வரைக்கும் பிடித்திருப்பீர்களா? இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவள் நான். டாக்டர் சொன்னதும் தெரியும். ஆனாலும் ஏனுங்க, கொஞ்சம் தாமதித்துச் சொல்லியிருக்கலாம். கட்டை சரியாக உட்காரவில்லை, இருங்க என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

வண்டி போகிறது என்று கேள்விப்பட்டதும் வெள்ளையம்மா வந்து ஒன்று சொன்னாள். மாடு விற்றால் இந்த மலையில் கயிறு கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவன்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிற்றை அவிழ்த்து ஊட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். கயிறும் கூடப் போனால் மாட்டோடு இருந்த நல்லதெல்லாம் பட்டியைவிட்டுப் போய்விடும் என்று பயம். உங்கள் அம்மாவும் எருமை விற்ற அன்று கயிற்றை எடுத்துக் கூரை எரவாணத்தில் செருகியதை நான் பார்த்திருக்கிறேன். “காரும் அப்பிடித்தானுங்க டீச்சர். ஒண்ணை அவுத்து வெச்சுக்குங்க” என்றாள் வெள்ளையம்மா. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டையைக் கொண்டுபோய்க் கேழ்வரகுக் குதிருக்குள் போட்டு மூடினேன். பாய் கேட்கவா போகிறார்? அது வண்டியோடு வந்த சாமான் இல்லையே.

வண்டியை ஏற்ற லாரி வந்த காலையில் தூறல். ஷெட்டுக்குக் கீழே சரிவில் லாரி நின்றது. பலகை சாய்த்து, சங்கிலி போட்டு, பாய் கொண்டுவந்த நாலு பேர் வண்டியை மேலே ஏற்றினார்கள். வெள்ளையம்மா வண்டிக்கு மஞ்சள் வைத்துப் பூச்சுற்றினாள். தன் மகள் பிறந்த வண்டியாச்சே என்று அழுதாள். நான் அழவில்லை. கயிறுதான் என்னிடம் இருக்கிறதே என்று தைரியம்.

கட்டி முடிக்கிற நேரத்தில், லாரி டிரைவர் சக்கரத்துக்கு வைத்த கட்டைகளில் ஒன்று விரிந்துபோனது. உளுத்த கட்டை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஓடையோரத்திலிருந்து ஒரு உருண்டைக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தச் சக்கரத்துக்கு உருண்டைக் கல் நிற்காது. ஒரே ஒரு தடவை நான் சோம்பலில் கல் வைத்து, அது உருண்டு, உங்களிடம் வாங்கிய பேச்சு எனக்குத்தானே தெரியும். கீழே எழுபது வளைவு இருக்கிறது.

கல்லை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். குதிரின் மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டுக் கட்டையை வெளியே இழுத்தேன். வாசலில் வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், கயிறுங்க.”

“தெரியும் வெள்ளையம்மா. விடு.”

இந்த ஊட்டைவிட்டுப் போக வேண்டிய நல்லது ஏழு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. மிச்சம் ஒன்றும் இல்லை, கயிற்றைக் கட்டிக் காப்பாற்ற. ஆனால் கட்டை இல்லாமல் அந்த வண்டியை நான் எந்தச் சரிவிலும் விட்டதில்லை. கட்டையை வாங்கிக்கொள்ள டிரைவர் கை நீட்டினார். கொடுக்கவில்லை. என்னை மேலே ஏற்றிவிடச் சொன்னேன். அறுபதை நெருங்குகிற பொம்பளை, லாரி மேல் முட்டி போட்டு, முன்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகி, எழுந்து நின்று குதிகாலால் இரண்டு உதை உதைத்தேன். கேழ்வரகு சிதறியது. கட்டையின் சரிவில் உங்கள் டயர் அழுத்திய தடம் இருந்தது, சக்கரம் அதே தடத்தில் போய் உட்கார்ந்தது.

என்னை இறக்கிவிட்டுப் போய்த் தன் சீட்டில் ஏறிய டிரைவர், தலையை வெளியே நீட்டி, எல்லாரும் என்னை டீச்சர் என்பதைக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிட்டுக் கேட்டார்.

“கட்டை போட்டாச்சுங்களா டீச்சர்?”

வாயைத் திறந்தேன், ஏனுங்க. வரவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். வெள்ளையம்மா என் முதுகில் கை வைத்தாள். ரசாக் பாய் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. லாரியைப் பார்த்து அவரே, “போட்டாச்சுப்பா, மெதுவாப் போ” என்றார்.

லாரி நகர்ந்தது. வண்டி பின்பக்கம் காட்டிக்கொண்டு போனது, ஒரு பக்கம் அதன் சொந்த விளக்கு, ஒரு பக்கம் நீங்கள் மாட்டிய லாரி விளக்கு. வண்டியை இறக்கியதும் கட்டையைப் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன் என்றார் பாய். வேண்டாம் பாய், அது வண்டியிலேயே கிடக்கட்டும், எங்கே நிறுத்தினாலும் போடுங்கள் என்றேன். நிக்காஹ்வுக்கு அவசியம் வர வேண்டும் என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போவேனா என்று தெரியவில்லை.

இன்று பென்ஷன் வேலையாக நாமக்கல் போய்விட்டு மத்தியானப் பஸ்ஸில் ஏறினேன். முன்னால் இரண்டாவது சீட்டு. மேலே ஏறி வரும்போது எதிரே கிழங்கு லாரி ஒன்று இறங்கி வந்தது. அதற்கு வழிவிட பஸ்ஸை மலைப்பக்கம் ஒதுக்கி டிரைவர் பிரேக்கை மிதித்தார். எந்த வளைவு என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்கிறேன். கண்ணைத் திறந்தபோது நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கை கம்பியில், இன்னொரு கை கீழே எதையோ தேடிக்கொண்டு. வெளியே பலகையில் முப்பத்தெட்டு.

“ஏனுங்க டீச்சர், இங்கியா எறங்கறீங்க?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க சாமி” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். லாரி போகிறவரை பஸ் அந்த இடத்திலேயே நின்றது. டிரைவர் கால் பிரேக்கில் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டீர்கள். நிச்சயமாகக் கேட்டீர்கள், எனக்குக் காதில் விழுந்தது.

நான் பதில் சொல்லவில்லை. இனிமேலும் சொல்ல மாட்டேன். சொன்னால் காலை எடுத்துவிடுவீர்கள்.